குட்டி தங்காத சீமை

தென்பாண்டி நாட்டு வரலாற்றில் குதிரை என்பது பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கப்பட்ட விலங்கு. அது அங்கே பிறந்து வளர்ந்த விலங்காக இருந்தது மிக அரிது. காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடல்வழி வந்து இறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மாணிக்கவாசகர் கதையில் அமைச்சரின் கையில் பாண்டியன் பொன்னைக் கொடுத்து அனுப்புவதும் கடற்கரைக்கு வந்திறங்கும் குதிரைகளை வாங்கி வரத்தான். பகலில் பரியாக இருந்தவை இரவில் நரியாகி ஓடிப்போன அந்தத் திருவிளையாடலைப் பக்தியின் அற்புதமாகவே படிப்பது வழக்கம். ஆனால் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் லாயத்தில் நிலைக்காமல் போன ஒரு நாட்டின் நெடுநாள் மனக்குறையும் அக்கதைக்குள் படிந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

இந்த வணிகத்தின் நிலப்பரப்பு எளிதானது. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் கொற்கை தூர்ந்து பின்வாங்கிய பிறகு காயல் துறைமுகம் தலையெடுத்தது. அங்கே இறங்கிய சரக்கு மதுரைக்குப் போக வேண்டுமானால், இன்றைய ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை என்று விரியும் கரிசல் காட்டைக் கடக்காமல் நேர்வழி இல்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத இந்த வானம்பார்த்த பூமி, மழை பெய்தால் காலைக் கவ்விப் பிடிக்கும் களியாகவும் கோடையில் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடித்த பாளங்களாகவும் மாறும் இயல்புடையது. கம்பும் சோளமும் பருத்தியும் இங்கே விளைந்தன, ஏரில் பூட்டிய மாடுகள் உழைத்தன. குதிரையோ இந்தக் காட்டைக் கடந்து போகும் விருந்தாளியாகவும், அரசனும் பின்னாளில் பாளையக்காரரும் ஏறி வரும் அதிகாரத்தின் அடையாளமாகவும் மட்டுமே இருந்தது.

பாண்டியர் லாயங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான குறிப்புகள் வெளியாரிடமிருந்தே வருகின்றன. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், 1290களின் தொடக்கத்தில், மாபார் என்று அராபியர் அழைத்த இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, ஹொர்மூசு, கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரையேற்றி வரும் கப்பல்கள் எல்லாம் காயலில் கரைசேர்வதைப் பதிவு செய்தார். நாட்டைப் பங்கிட்டு ஆண்ட உடன்பிறந்த அரசர் ஐவரும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். காரணத்தையும் அவரே சொன்னார்: குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கில்லை, லாடம் கட்டி நோய் பார்ப்பவர் அறவே இல்லை. வணிகர்கள் அத்தகைய ஆட்களைத் தங்களுடன் அழைத்து வருவதில்லை என்பதோடு, வேறு எவரும் போய்விடாதபடி தடுக்கவும் செய்தார்கள், குதிரை சாகாவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறையும் என்பதால். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டும் வழக்கத்தையும் அவர் வியப்போடு குறித்தார். இவற்றைவிட இக்கட்டுரைக்கு முக்கியமானது அவருடைய இன்னொரு கூற்று. இந்நாட்டில் குதிரையை இனம்பெருக்க இயலாது என்பது பலமுறை முயன்று பார்த்து அறியப்பட்ட செய்தி என்றும், உயர்ந்த பெட்டைக்கும் உயர்ந்த பொலிகுதிரைக்கும் பிறந்தாலும் குட்டி கால் கோணிய, ஏறுவதற்கு உதவாத சவலையாகவே இருக்கிறது என்றும் அவர் எழுதினார். பலமுறை முயன்று பார்த்தார்கள் என்ற சொல்லைப் பலர் கவனிக்காமல் கடந்து விடுகிறார்கள். பாண்டியர் லாயங்களில் குட்டிகள் பிறந்தன, ஆனால் தேறவில்லை என்பதே அதன் பொருள்.

மார்க்கோ போலோவின் கூற்றுக்கு இணையான சாட்சி பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். கீஷ் தீவின் வணிகத் தலைவரான ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகளில் 1400-ஐ மாபாருக்கு அனுப்புவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று விலை வைக்கப்பட்டதையும், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுத்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தகியுத்தீன் பாண்டியனிடம் அமைச்சராக அமர்ந்து, காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். விற்பவரின் உடன்பிறந்தவரே வாங்குபவரின் அமைச்சராக இருந்த ஏற்பாடு அது. அதற்கு முந்திய தலைமுறையில் பாரசீகக் கரையிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகவும், அதற்கான 22 லட்சம் தினார் கோயில் சொத்துகளின் உபரி வருவாயிலிருந்தும் கோயிலைச் சேர்ந்த கணிகையரிடம் தண்டிய வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாகவும் அவர் கணக்குச் சொல்கிறார். வந்திறங்கிய குதிரைகளை முளையடித்துக் கட்டி, நாற்பது நாள் லாயத்திலேயே வைத்து, வறுத்த தானியத்தில் நெய் கலந்து ஊட்டி, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்துக் கொழுக்கவிட்டு, பிறகு பழக்காமலேயே ஏறி ஓட்டியதால் மிக வலிய குதிரையும் சில நாளில் சோர்ந்து பயனற்றுப் போனது என்பது அவர் தரும் சித்திரம்.

இவ்விரு சாட்சிகளையும் அப்படியே ஏற்க முடியாது. வஸ்ஸாஃப் இந்தக் கரையை மிதித்தவர் அல்லர். பாரசீகத் துறைகளில் வணிகர் சொன்னதைக் கேட்டு எழுதியவர். மார்க்கோ போலோ கரைக்கு வந்தவர் என்றாலும் அவருக்கும் செய்தி சொன்னவர்கள் வணிகர்களே. ஆண்டுதோறும் புதுக் குதிரை வாங்கியே தீரவேண்டும் என்று அரசர்களை நம்ப வைப்பதில் அந்த வணிகர்களுக்கு எவ்வளவு ஆதாயம் இருந்தது என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும். 1311-இல் தில்லிப் படைத்தலைவர் மாலிக் காபூர் மதுரை வரை வந்து திரும்பியபோது, அந்தப் படையெடுப்பின் கொள்ளையில் 512 யானைகளும் 5000 குதிரைகளும் இருந்தன என்றும், குதிரைகளில் யமன், சிரியா இனங்கள் இருந்தன என்றும் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதினார். ஆண்டு முடிவில் ஒவ்வோர் அரசனிடமும் நூறு குதிரைகூட எஞ்சாத நாட்டில் இத்தனை குதிரைகள் கிடைத்திருக்க வழியில்லை. ஆகவே பெரிய குதிரைகளின் சாவு மிகைப்படுத்தப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். குட்டிகளைப் பற்றிய கூற்று அப்படித் தள்ளக்கூடியதன்று. குட்டிகள் நன்றாகத் தேறியிருந்தால், இரண்டு மூன்று தலைமுறைக் காலம் கருவூலத்தை இப்படிக் கரைத்துக் கடல் கடந்து வாங்கும் தேவை பாண்டியருக்கு இருந்திருக்காது.

குட்டிகள் ஏன் தேறவில்லை என்பதற்குப் பிற்காலத்தார் பெரும்பாலும் தட்பவெப்பத்தையும் மண்ணையும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்து விட்டார்கள். கால் கோணல் என்ற அடையாளம் முதலில் தீவனத்தை நோக்கியே கை நீட்டுகிறது. குதிரையின் எலும்பு உறுதிக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸ் சத்தும் குறிப்பிட்ட அளவுப் பொருத்தத்தில் வேண்டும். புல்லையும் பயற்றங்கொடியையும் குறைத்துத் தானியத்தையும் தவிட்டையும் மிகுத்தால் பாஸ்பரஸ் ஓங்கிச் சுண்ணாம்புச் சத்து தாழ்ந்து, உடல் தன் எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளத் தொடங்கும். சினைப் பெட்டைக்கும் வளரும் குட்டிக்கும் இதனால் வரும் கேடு மிகுதி. கரிசல் மண்ணில் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கற்கள் தோண்டும் இடமெல்லாம் கிடைக்கின்றன, இந்நிலத்துப் புல்லில் அச்சத்துக்குக் குறைவில்லை. அரச லாயத்துக் குதிரையோ கரிசல் காட்டுப் புல்லில் மேயவிடப்படாமல் தாமிரபரணிக் கரை நெல்லின் சோற்றைத் தின்றது. திருநெல்வேலிச் சீமையில் காணம் என்று வழங்கும் கொள்ளு, குதிரைத் தீவனம் என்று பிற்காலத்தில் ஊரறிந்த பெயர் பெற்றது. வஸ்ஸாஃப் சொல்லும் வறுத்த தானியம் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம். இங்கே விளையாத வாற்கோதுமையைவிட அது பொருத்தமாகப் படுகிறது.

சவலை என்ற சொல்லுக்குள் காலின் குறை மட்டும் அடங்குவதில்லை. இளைத்து, மூச்சு வாங்கி, வளர்ச்சி நின்ற குட்டியும் சவலைதான். அங்கேதான் நுரையீரல் நோயின் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று முதல் ஆறு மாதம் வரையுள்ள குதிரைக்குட்டிகளைக் கொல்லும் நுரையீரல் அழற்சிகளில் மிகக் கொடியதன் காரணத்தை 1923-இல் ஸ்வீடன் நாட்டு மேக்னசன் என்ற அறிஞர் கண்டறிந்தார். இறந்த குட்டிகளின் நுரையீரல் சீழ்க்கட்டிகளிலிருந்து அவர் பிரித்தெடுத்த நுண்ணுயிர் முதலில் கொரினிபாக்டீரியம் ஈக்வை எனப்பட்டு, 1977-இல் ரோடோகாக்கஸ் ஈக்வை என்று பெயர் மாறியது. வளர்ப்புத் தட்டில் இளஞ்சிவப்பாகத் தெரியும் இது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய தற்காப்பு அணுக்களுக்குள்ளேயே புகுந்து உயிர் வாழும் தந்திரத்தையும் அந்த உறவினரோடு பகிர்ந்துகொள்கிறது. 

இந்நோயின் போக்கு, கண்ணால் பார்த்துக் குட்டி வளர்த்தவரை ஏமாற்றும் வகையில் அமைந்தது. கிருமி மண்ணில் வாழ்கிறது, குதிரையின் லத்தி கலந்த மண்ணில் வெயில் காலத்தில் பெருகுகிறது, மண் காய்ந்து புழுதியாகும்போது காற்றில் எழுந்து மூச்சோடு குட்டியின் நுரையீரலுக்குள் போகிறது. பிறந்த முதல் சில நாள்களிலேயே தொற்று ஏற்பட்டாலும் சீழ்க்கட்டிகள் மெல்ல வளர்வதால், குட்டி வாரக்கணக்கில் பால் குடித்துத் துள்ளி விளையாடிக்கொண்டே இருக்கும். காய்ச்சலும் இருமலும் மூக்குத்துளை விரிந்து அடிவயிறு இழுத்து மூச்சு வாங்குவதும் கண்ணுக்குத் தெரியும்போது நுரையீரலின் பெரும்பகுதி கெட்டுப் போயிருக்கும். இருமித் துப்பத் தெரியாத குட்டி அந்தச் சளியை விழுங்க, கிருமி அதன் லத்தி வழியாக மீண்டும் மண்ணுக்கே போய்ச் சேர்கிறது. சில குட்டிகளுக்கு மூட்டுகளும் வீங்குவதுண்டு. இதோடு, குதிரைக்குட்டி தாயின் கருப்பையில் நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெறுவதில்லை; பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால் வழியாகத்தான் பெறுகிறது. ஒரு நாள் கடந்தால் குடல் அவற்றை உள்வாங்கும் வாயிலை அடைத்துக்கொள்ளும். சீம்பால் கிடைக்காத குட்டி எல்லா வகைக் கிருமிகளுக்கும் திறந்த வீடு.

இந்த அறிவோடு வஸ்ஸாஃபின் லாயச் சித்திரத்தை மறுபடி படித்தால் அதன் ஒவ்வொரு கூறும் வேறு பொருள் கொள்கிறது. நெருக்கமாக முளையடித்துக் கட்டிய குதிரைகளும், நாற்பது நாள் ஒரே இடத்தில் சேரும் லத்தியும், வெப்பமும், மிதிபட்டுத் தூளாகும் தரையும் இக்கிருமி விரும்பும் சூழலே ஆகும். கரிசல் மண்ணின் காரத்தன்மை அதற்குப் பகையன்று. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று இந்த வட்டாரத்தில் எவ்வளவு வலிது என்பதற்குக் கயத்தாறைச் சுற்றி இன்று நிற்கும் காற்றாலைகளே சான்று. பங்குனியிலோ சித்திரையிலோ பிறந்த குட்டி, நோய்க்கு மிக எளிதில் இரையாகும் இரண்டு முதல் நான்கு மாத வயதில் அந்தப் புழுதிக் காற்றைச் சந்தித்திருக்கும்.

இவற்றிலிருந்து பாண்டியரின் குட்டிகள் இந்நோயால்தான் செத்தன என்று முடிவு கட்டுவது வரலாற்று நெறியாகாது. எழுநூறு ஆண்டுக்கு முன் மக்கிய நுரையீரலை அறுத்துப் பார்க்க எவராலும் முடியாது. பெரிய குதிரைகளின் சோர்வுக்கு வேறு நோய்கள் நெருக்கமான விளக்கம் தருகின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குதிரைக்காரர்கள் கம்ரி என்று அழைத்த இடுப்புத் தளர்ச்சி, மாட்டின் வயிற்றில் தீங்கின்றி வாழும் ஒரு நூற்புழுவின் குஞ்சுகள் கொசுவழி குதிரைக்குள் புகுந்து தண்டுவடத்தைச் சேதப்படுத்துவதால் வருவது. மாடு மிகுந்த சீமையில் குதிரை நிற்பதற்கான விலை அது. 1880-இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்த, இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் வரும் சுர்ரா நோயும் வலிய குதிரையை எலும்புக்கூடாக்க வல்லது. ஆயினும் மண் ஆகாது என்ற பழைய தீர்ப்பைத் திருத்துவதற்கு நுரையீரல் நோயின் வரலாறு பெரிதும் உதவுகிறது. 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள், மண்ணில் பரவலாக வாழும் இக்கிருமி வகைகள் பெரும்பாலும் தீங்கற்றவை என்றும், பிளாஸ்மிட் என்னும் கூடுதல் மரபுத் துணுக்கைத் தாங்கியவையே குட்டிகளைக் கொல்கின்றன என்றும் காட்டின. குட்டிகள் நெருங்கி வாழும் இடங்களில் அத்தகைய வகைகள் பெருகுகின்றன. குற்றம் கரிசலின்மேல் அன்று, அதன்மேல் கட்டிய லாயத்தின்மேல்.

காயல் மங்கிய பின்னும் வாங்கும் பழக்கம் மாறவில்லை, விற்பவர் மட்டும் மாறினர். ஹொர்மூசுக் குதிரை வணிகம் போர்த்துகீசியர் கைக்குப் போனபோது, முத்துக்குளித்துறைப் பரதவரைப் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடும்படி 1530களின் நடுவில் வழிகாட்டிய ஜோவோ த குருஸ் என்ற, லிஸ்பனில் மதம் மாறிய கோழிக்கோட்டுச் செட்டியும் தென்முனைச் சிற்றரசர்களுக்குக் குதிரை விற்க வந்தவரே. ஒரு கடற்கரையின் சமய வரலாறே குதிரைச் சந்தையின் ஓரத்தில் திரும்பியது. நாயக்கர் காலத்தில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் என்று கரிசலில் அமைந்த பாளையங்கள் குதிரையை மதித்தாலும் அதை நம்பிப் போரிடவில்லை. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியார் கும்பினியின் குதிரைப்படையை எதிர்த்தது நீண்ட ஈட்டிகளைக் கொண்டுதான். குதிரை வளர்க்க முடியாத நாடு, குதிரையைத் தடுக்கும் கலையை வளர்த்துக்கொண்டது.

ஆங்கிலேயர் இந்தச் சமவெளியில் குதிரைப் பண்ணை வைக்க முயலாமல் மேட்டுநிலத்தை நாடினர். 1824-இல் ஓசூரில் படைக்குதிரைகளுக்கென ஒரு பண்ணை அமைந்தது, ஒரு நூற்றாண்டு கழித்து அது கால்நடைத் துறையின் கைக்கு மாறியது. மைசூர்ப் பக்கத்தில் ஹைதர், திப்பு காலத்துக் குணிகல் பண்ணையும் அப்படியே தொடர்ந்தது. அவையும் போதாமல் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வேலர் என்று பெயர் பெற்ற குதிரைகள் சென்னைத் துறையில் வந்திறங்கின. காயலில் நடந்தது சென்னையில் மறுபடி நடந்தது என்றே சொல்ல வேண்டும். கோவில்பட்டி வழியே மதுரை தூத்துக்குடி இருப்புப்பாதை 1876-இல் திறக்கப்பட்டது. அதன்பின் இங்கே குதிரைக்கு எஞ்சியது ஜமீன் அரண்மனை வாசலும், ரயிலடியில் காத்து நிற்கும் ஜட்கா வண்டியும். வண்டியிழுத்தது மட்டம் என்று வழங்கும் குள்ளக் குதிரை, அதன் குட்டியின் பிறப்பையும் சாவையும் எழுதி வைத்தவர் எவருமில்லை.

மருத்துவமும் மெல்லவே வந்தது. தஞ்சை சரசுவதி மகாலில் பேணப்பட்டு அச்சேறிய நகுலரின் அசுவ சாஸ்திரம் போன்ற நூல்கள், குதிரையின் சுழியும் நிறமும் குணமும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பெருங்கவனம் காட்டின. வாங்குபவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேப்பேரியில் 1903-இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1901-இல், கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்து கரிசல் பருத்தியையும் சிறுதானியத்தையும் ஆராயத் தொடங்கிவிட்டது. கரிசலுக்கு எது தேவையோ அது முதலில் வந்தது என்று அந்த வரிசையைப் படிக்கலாம். குதிரைக்குட்டிகளின் நோய்க்கு உறுதியான மருந்து, எரித்ரோமைசினையும் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துத் தரும் முறையாக, 1980களில்தான் உலகெங்கும் நிலைபெற்றது. அதற்குமுன் நோய்ப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை மடிந்தன. தடுப்பூசி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. லத்தியை அன்றாடம் அள்ளி அப்புறப்படுத்துவது, தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்குவது, குட்டிகளை நெருக்காமல் பிரித்து வைப்பது, பிறந்தவுடன் சீம்பால் குடித்ததா என்று பார்ப்பது ஆகிய நான்கும்தான் இன்றைக்கும் பண்ணைகளின் முதல் காப்பு. இவற்றில் எதுவும் குலசேகர பாண்டியன் காலத்தில் செய்ய முடியாததன்று. செய்யச் சொல்லும் ஆள் லாயத்துக்கு வந்து சேராதபடி வணிகர் பார்த்துக்கொண்டார்கள் என்ற மார்க்கோ போலோவின் சொல் உண்மையானால், 220 தினாரில் ஒரு பகுதி அந்த அறியாமைக்காகக் கொடுத்த விலையாகும்.

கரிசல் ஊர்களில் இன்று கன்றும் காளையும் கைமாறுவது கழுகுமலைப் பங்குனித் திருவிழாவின் மாட்டுச் சந்தையில், ஆடு கைமாறுவது எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையில். குதிரை வேண்டுவோர் மட்டும் வடக்கே ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் விலை பேசப்படும் பெயர்பெற்ற இனங்கள் காத்தியவாரும் மார்வாரியும். இரண்டுமே மேற்கிந்தியாவில் தோன்றியவை.